பினேயின் அளவுகோலும் நமது பரீட்சைகளும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய நகரப் பாடசாலையில் கற்கும் பிள்ளையும், மாவட்டத்தின் தென் எல்லையில் வெருகல் ஆற்றை அண்டிய சிற்றூரில் கற்கும் பிள்ளையும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரே நாளில், ஒரே வினாக்களுக்கே விடை எழுதுகின்றனர். இதனைச் சமத்துவம் என்று கூறி நாம் பழகிவிட்டோம். எல்லோருக்கும் ஒரே வினா என்பதுதான் நியாயமா என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே செயலில் விடை கண்டவர் பிரான்ஸ் நாட்டு உளவியலாளர் அல்பிரட் பினே. நுண்ணறிவுச் சோதனையின் தந்தை என்ற ஒற்றை வரியுடன் பாடநூல்கள் அவரைக் கடந்து சென்றுவிடுகின்றன. அவரது வாழ்வு அந்த வரிக்குள் அடங்குவதன்று.

பினே 1857 ஜூலை 8 ஆம் திகதி நீஸ் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்துவிடவே தாயின் அரவணைப்பில் வளர்ந்து பாரிஸில் கல்வி கற்றார். 1878 இல் சட்டத்தில் பட்டம் பெற்றும் அத்தொழிலில் மனம் ஒட்டவில்லை. மருத்துவப் படிப்பையும் இடைநடுவில் கைவிட்டார். பின்னர் பாரிஸ் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளவியலைத் தாமே கற்றுத் தேர்ந்தார்.

தொடக்கமே சறுக்கலாயிற்று. சால்பெட்ரியேர் மருத்துவமனையில் புகழின் உச்சியில் இருந்த சார்கோவின் கீழ் அறிதுயில் ஆய்வில் ஈடுபட்ட பினே, காந்தத்தைக் கொண்டு நோயாளியின் உணர்வுகளை இடம்மாற்றலாம் என்று எழுதினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த டெல்பெஃப் அதனை மறுத்தார். ஆய்வாளர் எதனை எதிர்பார்க்கிறார் என்பதை நோயாளிகள் முன்கூட்டியே அறிந்திருந்தனர் என்பது வெளிப்பட்டது. முதலில் வாதாடிய பினே, ஈற்றில் தவறைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். கேட்பவரின் எதிர்பார்ப்பு விடையைத் திரித்துவிடும் என்ற அந்தக் கசப்பான பாடமே அவரது பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று.

அடுத்து அவர் தம் வீட்டையே ஆய்வுகூடமாக்கினார். மூத்த மகள் மடலின் எதனையும் நுணுகி நோக்குபவள். இளையவள் அலிஸ் கற்பனையில் திளைப்பவள். ஒரே வீட்டில் வளர்ந்த இருவரும் ஒரே பணியை வெவ்வேறு வழிகளில் செய்வதைக் கண்டு எழுதிய நூல் 1903 இல் வெளிவந்தது. தலையின் அளவே அறிவின் அளவு என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பிய காலம் அது. பினேயும் மாணவர்களின் தலைகளை அளந்து பார்த்தார். கெட்டிக்காரர் என ஆசிரியர் தெரிந்தவருக்கும் மந்தமானவர் எனத் தெரிந்தவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. தமது எதிர்பார்ப்பே அளவீட்டைச் சாய்த்துவிடக்கூடும் என்பதையும் உணர்ந்து, அம்முறையைக் கைவிட்டார்.

1882 இல் பிரான்ஸில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. வகுப்பறைகளை நிறைத்த பிள்ளைகளில் சிலர் பாடத்தைத் தொடர முடியாமல் பின்தங்கினர். அவர்களை இனங்காண்பது எவ்வாறு என ஆராய 1904 இல் அரசு அமைத்த ஆணைக்குழுவில் பினேயும் இடம்பெற்றார். ஆசிரியரின் விருப்பு வெறுப்பாலோ மருத்துவரின் அவசரத் தீர்ப்பாலோ ஒரு பிள்ளை சாதாரண வகுப்பிலிருந்து ஒதுக்கப்படக் கூடாது என்பதே அவரது கவலை. இளம் மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905 இல் 30 பணிகளைக் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908 இல் அது 3 முதல் 13 வரையான வயதுகளுக்கு ஏற்ப விரிவடைந்தது.

இங்கேதான் பினேயின் தனித்திறன் துலங்குகிறது. வினாக்களை அவர் மேசையில் அமர்ந்து மட்டும் இயற்றவில்லை. பாரிஸின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதிப் பாடசாலைகளில் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். குறித்த வயதினரில் பெரும்பாலோர் செய்யக்கூடியதும், அதற்குக் குறைந்த வயதினரில் பெரும்பாலோர் தவறவிடுவதுமான பணியே அந்த வயதுக்கு உரியதாயிற்று. கண், மூக்கு, வாயைச் சுட்டிக்காட்டுவது மூன்று வயதுக்கு. சதுரத்தைப் பார்த்து வரைவது ஐந்து வயதுக்கு. மிச்சக் காசை எண்ணிக் கொடுப்பது ஒன்பது வயதுக்கு. பரிசோதகர் பிள்ளையின் நிலைக்கு அண்மித்த வினாவில் தொடங்குவார். செய்தால் மேலே செல்வார், தவறினால் கீழே இறங்குவார். எல்லாப் பிள்ளைகளும் எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டியதில்லை. வினாவே பிள்ளையைத் தேடிச் சென்றது.

பெல்ஜியத்தில் டெக்ரோலியும் டெகானும் இதே சோதனையை வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளிடம் நடத்தியபோது, அவர்கள் பாரிஸ் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒன்றரை வயது முன்னே நின்றனர். பினே இதனைப் புறக்கணிக்கவில்லை. மொழிவளத்தைச் சார்ந்த வினாக்களில் வீட்டுச் சூழல் ஒளிந்திருப்பதை ஆராய்ந்தார். பள்ளிப் படிப்பைப் பெரிதும் சார்ந்திருந்த சில வினாக்களை 1911 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கினார். அறிவு பிறப்போடு முடிந்த முடிபு என்ற கொள்கையையும் அவர் ஏற்கவில்லை. பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கும் பயிற்சிகளைச் சிறப்பு வகுப்புகளுக்கென வகுத்தார். அளப்பது உதவுவதற்கே என்பது அவர் நிலைப்பாடு.

பேராசிரியர் பதவி கிட்டாமலே, 1911 அக்டோபர் 18 ஆம் திகதி தமது 54 ஆவது வயதில் பினே காலமானார். அதன் பின்னர் நிகழ்ந்தவை அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்ல வேண்டும். 1912 இல் ஜெர்மனியின் ஸ்டேர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்தார். 1916 இல் அமெரிக்காவின் டேர்மன் அதனை நூறால் பெருக்கினார். நுண்ணறிவு ஈவு என்ற ஒற்றை எண் பிறந்தது. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறியப் பிறந்த கருவி, குடியேற வந்தோரைத் தரம்பிரிக்கவும் பயன்பட்டது. முதலாம் உலகப் போரில் 17 இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் கூட்டமாகச் சோதிக்கப்பட்டனர். ஆளுக்கேற்ற வினா மறைந்து, அனைவருக்கும் ஒரே தாள் என்பது நிலைபெற்றது.

அரை நூற்றாண்டுக்குப் பின் கணினி பினேயின் வழியை மீட்டெடுத்தது. டென்மார்க்கின் ராஷ், அமெரிக்காவின் லோர்ட் ஆகியோர் வகுத்த கணித முறைகளால், வெவ்வேறு வினாக்களுக்கு விடையளித்தோரையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிந்தது. சரியான விடைக்குக் கடினமான வினாவும், தவறான விடைக்கு எளிய வினாவும் அடுத்து வரும். அமெரிக்காவின் பட்டமேற்படிப்பு நுழைவுப் பரீட்சை 1993 இலும், தாதியர் உரிமப் பரீட்சை 1994 இலும் இவ்வாறு மாறின. ஆனால் கணினியைவிட முக்கியமானது அதன் பின்னே இருக்கும் வினா வங்கி. ஒவ்வொரு கடின நிலையிலும், ஒவ்வொரு பாடப்பகுதியிலும் போதிய வினாக்கள் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் முன்கூட்டியே மாணவரிடம் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே வினா அடிக்கடி வெளிப்பட்டால் அது மனப்பாடமாகிவிடும் என்பதால் சுழற்சியும் புதுப்பித்தலும் இன்றியமையாதவை.

2024 செப்டம்பரில் நடந்த புலமைப்பரிசில் பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாகியமை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பெறுபேறுகள் 2025 ஜனவரியிலேயே வெளியாயின. மூன்று இலட்சத்துக்கும் அதிகமான சிறுவர்கள் யாரோ செய்த குற்றத்துக்காகக் காத்திருந்தனர். ஒற்றைத் தாளில் அனைத்தையும் தங்கவைக்கும் முறையின் பலவீனம் இது.

எல்லாப் பாடசாலைகளுக்கும் நாளையே கணினிப் பரீட்சை வேண்டும் என நாம் கோரவில்லை. கணினியே எட்டாத பாடசாலைகளுக்கு அது இன்னொரு அநீதியாக முடியும். வினா வங்கியைக் கட்டும் பணியையேனும் இப்போது தொடங்கலாம். இந்தியாவில் தார்வாட் பகுதியில் காமத் பினேயின் சோதனையை வெறுமனே மொழிபெயர்க்கவில்லை. கன்னட, மராத்திப் பிள்ளைகளிடம் சோதித்துத் திருத்தியமைத்து 1940 இல் வெளியிட்டார். நம் பிள்ளைகளுக்கான வினாக்களும் தமிழிலேயே சிந்தித்து இயற்றப்பட வேண்டும். 2006 இல் இடம்பெயர்ந்து 2015 இன் பின்னரே தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கிய சம்பூரிலும், கிண்ணியாவிலும், குச்சவெளியிலும் அவை முன்னோட்டமாகக் கேட்கப்பட வேண்டும். அங்குள்ள பிள்ளைகளின் அறிவை அளக்காமல் வறுமையை மட்டுமே அளக்கும் வினா நீக்கப்பட வேண்டும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்பதையும் பரீட்சை சொல்ல வேண்டும். பினேயை அந்தப் பணிக்கு அனுப்பியது அந்தப் பிள்ளையைப் பற்றிய கவலையே. கல்வியமைச்சும் பரீட்சைத் திணைக்களமும் அங்கிருந்தே தொடங்கட்டும்.