தொப்பிகளை எண்ணிய குமாஸ்தா

பாங்கியிலே பேரேடு புரட்டும் வேலை அவருக்கு. பணக் கணக்கு எழுதித்தான் பிழைப்பு. ஆனால், அவர் எழுதிய கணக்குகளிலே காலத்தை வென்று நிற்பவை பணத்தைப் பற்றியவை அல்ல, பறவைகளைப் பற்றியவை! அமெரிக்கரான பிராங்க் சாப்மனைத்தான் சொல்கிறோம், தோழர்களே.

நியூயார்க் நகரின் நடுவே சென்ட்ரல் பார்க் என்றொரு பூங்கா. 843 ஏக்கர். சுற்றிலும் விண்முட்டும் மாளிகைகள். தெற்கே குளிர்காலத்தைக் கழித்த வார்ப்ளர் முதலிய பாடும் பறவைகள், மே மாதத்திலே கூடு கட்ட வடக்கு நோக்கி வலசை போகின்றன. பகலிலே அல்ல, இரவிலே! பலவற்றின் எடை பத்துக் கிராம்தான். பொழுது விடிகிறது, களைப்பு, பசி. கீழே எங்கு பார்த்தாலும் கல்லும் சுண்ணாம்பும். இடையிலே ஒரு துண்டுப் பச்சை. அங்கே இறங்காமல் வேறெங்கே இறங்கும்? அந்த விருந்தாளிகளைக் காண பைனாகுலரும் கையுமாக மக்கள் கூடுகிறார்கள். சுடுவதற்கல்ல, பார்ப்பதற்கு. அந்தப் பழக்கத்தை வளர்த்தவர்களிலே முன்வரிசையில் நிற்பவர் சாப்மன்.

1864-இல் நியூ ஜெர்சியில் பிறந்தார். ஏழை வீட்டுப் பிள்ளையல்ல, வசதியான குடும்பம்தான். ஆனால் படிப்பு பள்ளியோடு சரி. 1884-இல், வலசைப் பறவைகளைக் குறித்தனுப்பத் தொண்டர்கள் வேண்டுமென்று அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் கேட்டது. பெயர் கொடுத்தார். நேரம்? விடியுமுன் எழுந்து காடு. அங்கிருந்து ஓடிவந்து ரயில். ரயிலை விட்டால் பாங்கி. மாலையிலே திரும்பியதும் இருட்டும்வரை மீண்டும் காடு. ஷிப்டு வேலைக்குப் போகும் தோழர்களுக்கு அந்த ஓட்டம் புரியும்.

அந்நாளிலே சீமாட்டிகளின் தொப்பியில் செத்த பறவையைச் செருகுவது நாகரிகம். இறகு மட்டுமா? முழுப் பறவையே கூட! 1886-இல் சாப்மன் மன்ஹாட்டன் கடைவீதியிலே இருமுறை நடந்தார். எதிரே வந்த தொப்பிகளை எண்ணினார். மொத்தம் 700, பறவையோ இறகோ தாங்கியவை 542. நாற்பது இனங்களை இனங்கண்டு, பட்டியலைப் பத்திரிகைக்கு அனுப்பினார். காட்டிலே பாடக் கேட்ட பறவை, கடைவீதியிலே தலைமேல் பிணமாக! மேடைப் பேச்சின் வலிமை அறிந்தவர்கள் நாம். ஆயினும், 700-க்கு 542 என்ற அந்தக் கணக்கு செய்த வேலையை ஒன்பது மேடை செய்திருக்காது என்றே நினைக்கிறோம்.

அதே ஆண்டு பாங்கிக்கு முழுக்குப் போட்டார். 1887 செப்டம்பரில் ஓர் இரவு, தொலைநோக்கியை நிலாவுக்கு நேரே திருப்பி நண்பர்களோடு காத்திருந்தார். மூன்று மணி நேரத்தில் நிலாவைக் கடந்த பறவைகள் 262! ஊர் உறங்கும்போது தலைக்குமேலே நடக்கும் அந்த ஊர்வலத்தை எத்தனை பேர் அறிவார்கள்? மறு ஆண்டு, அதே சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரத்திலுள்ள அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பட்டமில்லாதவர், பறவைத் துறைக்கே தலைவரானார்.

ஆய்வுக்காக அவரும் பறவைகளைச் சுட்டதுண்டு. அக்கால அறிஞர் வழக்கம் அது, மறைப்பானேன்? ஆனால் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து போட்டிக்குச் சுட்டுத் தள்ளும் கேளிக்கையை அவரால் பொறுக்க முடியவில்லை. சுடாதீர், எண்ணுவீர் என்று தம் ஏட்டிலே அழைத்தார். 1900 டிசம்பர் 25 அன்று எண்ணப் புறப்பட்டவர்கள் 27 பேர்தான். தொப்பி நாகரிகத்தை எதிர்த்துப் பாஸ்டன் நகரப் பெண்கள் 1896-லேயே சங்கம் கண்டிருந்தனர். இத்தனை கைகளும் சேர்ந்துதான் 1918-இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது.

1945-இல் சாப்மன் மறைந்தார். அந்த 27 பேர் எண்ணிய இடங்களிலே சென்ட்ரல் பார்க்கும் ஒன்று. டிசம்பர் தோறும் அங்கே இன்னும் எண்ணுகிறார்கள்.