பேராசிரியர் ஹென்ஸ்லோவும் கிராமத்துக் குழந்தைகளும்

சார்லஸ் டார்வின் என்னும் பெயரைக் கேளாத மாணாக்கர் நம்மில் இலர். அவருக்கு ஆசானாய் விளங்கியவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ என்பதையும் தாவர நூல் பயில்வோர் நன்கறிவர். ஆயினும், அப்பேரறிஞர் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ஏழை உழவர்தம் குழந்தைகளுக்குப் பூக்களைக் கொண்டு கல்வி புகட்டிய வரலாறு பலரும் அறியாதது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹென்ஸ்லோ 1796-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்செஸ்டர் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற் பயின்று, 1822-இல் அங்கேயே கனிப்பொருள் நூற் பேராசிரியராகவும், 1825-இல் தாவர நூற் பேராசிரியராகவும் அமர்ந்தார். அவருக்கு முன்னிருந்த பேராசிரியர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் விரிவுரையே நிகழ்த்தாமையால் அக்கலை அங்கு வாடிக் கிடந்தது. ஹென்ஸ்லோ பூக்களோடு கூடிய செடிகளை மாணாக்கர்முன் வைத்து, அவர்கள் தம் கையாலேயே பகுத்து நோக்குமாறு செய்தார். வயல்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் அவர்களை அழைத்துச் சென்றார். அவரோடு இடைவிடாது உலாவி வந்த இளைஞருள் ஒருவரே டார்வின். 1831-இல் பீகிள் கப்பலிற் செல்லுமாறு அவரைப் பரிந்துரைத்தவரும் ஹென்ஸ்லோவே.

1837-இல் சபோக் மாகாணத்து ஹிட்சம் என்னும் சிற்றூரின் குருவாக நியமனம் பெற்ற அவர், 1839-இல் அங்கே குடியேறினார். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வூரில் வறுமையும் கல்லாமையும் மிகுந்திருந்தன. 1841-இல் அவர் முயன்று ஒரு பள்ளியை நிறுவினார். கூலியாட்களுக்குச் சிறு தோட்ட நிலங்கள் கிடைக்கச் செய்தார். அதனை எதிர்த்த பண்ணைக்காரர்களின் பகையையும் பொறுத்துக்கொண்டார். அத்தோட்டங்களில் விளைந்தவற்றைக் காட்சிக்கு வைத்துப் பரிசு பெறும் விழாக்கள் குருமனைப் புல்வெளியில் நடைபெற்றன. குழந்தைகள் திரட்டிய காட்டுப் பூக்களுக்கும் அவ்விழாக்களிற் பரிசுண்டு.

பின்னர், 1850-ஐ அடுத்த ஆண்டுகளில், அவ்வூர்ப் பள்ளியிலேயே தாவர நூல் வகுப்பொன்றைத் தொடங்கினார். வாரந்தோறும் திங்கட்கிழமைப் பிற்பகலில் அது நடைபெற்றது. விரும்பியோர் மட்டுமே சேரலாம். சேர்ந்தவர் பெரும்பாலும் சிறுமியர். ஏர் பிடிப்பவன் மகளுக்குப் பூவின் உறுப்புகளைப் பற்றிய அறிவு எதற்கு என்னும் ஐயம் எவர்க்கும் எழுதல் இயல்பே. சோற்றுக்கு வழி தேடும் வீட்டில் இது வீண் பொழுது போக்கன்றோ? இவ்வினாவுக்கு ஹென்ஸ்லோ தம் வகுப்பையே விடையாக அளித்தார்.

வகுப்பிற் சேர விரும்பும் சிறுமி முதலில் ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்களைக் குறிக்கும் நீண்ட கிரேக்கச் சொற்கள் முதலியவற்றைப் பிழையின்றி எழுத்துக் கூட்டிக் காட்ட வேண்டும். பெரியோரும் இடறும் அச்சொற்களைக் குழந்தைகள் எளிதிற் கற்றனர். வயல் வரப்புகளிலிருந்து அவர்கள் பறித்து வந்த பூக்கள் சிறு குப்பிகளில் நீரிட்டு, பெயர்ச் சீட்டுடன் பலகையில் நிறுத்தப்பட்டன. பின் ஒவ்வொருவரும் ஒரு பூவைப் பிரித்து, புறவிதழ், அகவிதழ், கேசரம், சூலகம் ஆகியவை எத்தனை, தனித்துள்ளனவா, இணைந்துள்ளனவா என்பவற்றை ஓர் அட்டவணையிற் குறித்தல் வேண்டும். ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதுவதற்கு அங்கு இடமில்லை. கண்டதையே எழுத வேண்டும். தவறு நேரின் மீண்டும் பூவையே நோக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் டார்வினுக்குப் பயிற்றிய அம்முறையை ஹிட்சம் சிறுமியர்க்கும் குறைவின்றி அளித்தார் என்பதே நாம் போற்றத் தக்கது. எளியோர்க்கு எளிய கல்வியே போதும் என அவர் எண்ணினாரல்லர்.

1854-இல் தம் ஊரார் 287 பேரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்று, கல்லூரிகளையும் தாவரத் தோட்டத்தையும் காட்டினார். பள்ளிகளின் பொருட்டு அவர் அமைத்த ஒன்பது பெரிய தாவரச் சுவர்ப் படங்கள் 1857-இல் வெளிவந்தன. 1861-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் ஹிட்சமிலேயே அவர் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற கையெழுத்துக் குறிப்புகளைத் துணையாகக் கொண்டு, டேனியல் ஆலிவர் என்பார் 1864-இல் தாவர நூற் பாடப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அவரே 1869-இல் இந்தியச் செடிகளை எடுத்துக்காட்டாக அமைத்து, நம் நாட்டு மாணாக்கர்க்கென ஒரு முதற் புத்தகம் இயற்றினார். இங்ஙனம் ஹிட்சம் பள்ளியின் பூப்பாடம் கடல் கடந்து நம்மவரையும் எட்டியது.

நம் கல்லூரியினின்று ஆண்டுதோறும் பலர் ஆசிரியராகச் செல்கின்றனர். அவர்கள் செல்லும் ஊரில் ஆய்வுக்கூடம் இல்லாதிருக்கலாம். பூவரச மரம் இல்லாதிராது. அதன் பூவொன்றைக் குழந்தையின் கையிற் கொடுத்து, கேசரங்கள் ஒரு குழாயாக இணைந்து நிற்பதை அக்குழந்தையே கண்டு கூறும்வரை ஆசிரியர் வாய் திறவாது பொறுத்திருப்பாராயின், ஹென்ஸ்லோவின் வகுப்பு இன்னும் முடியவில்லை என்றே கூறுவோம்.