மருந்து கண்ட சுப்பாராவ்

சென்ற ஆண்டு தசரா விளக்குகள் அணைந்து சில நாட்களே ஆகியிருந்தன. மைசூரிலே ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் அக்காவின் அருகே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் ஆறு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய். ஓர் ஆய்விலே அவனைச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகக் கூறி, மருத்துவர் ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்திருந்தார். படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அக்காவுக்கோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். தன் பிள்ளையைச் சோதனைப் பொருளாக்கி விடுவார்களோ என்று அஞ்சினார். படித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மானசகங்கோத்திரியிலே முதுகலை பயிலும் எனக்கும் அந்தத் தாள்கள் எளிதில் விளங்கவில்லை. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறேன். அதிலே நான் முன்பே கேள்விப்பட்டிருந்த பெயர் ஒன்றே ஒன்று: மெத்தோட்ரெக்ஸேட். அந்தப் பெயரைத் தொடர்ந்து சென்றபோதுதான் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பெரியவரைக் கண்டேன். தோழர்களே, அவர் வரலாற்றைக் கேளுங்கள்.

1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்திலே ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிள்ளைப் பருவத்திலே வீட்டைவிட்டு ஓடி, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் தேட எண்ணியவர் அவர். அன்னை விடவில்லை, பள்ளிக்கே திருப்பி அழைத்து வந்தார். மெட்ரிகுலேஷன் தேர்விலே மூன்றாம் முறைதான் வென்றார். தேர்வில் தவறியதும் துவண்டு போகும் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முடிவிலே எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றுதான் கிட்டியது. அவருடைய உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய் கொண்டு சென்றது. அந்தத் துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை.

1920-களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். இரவிலே மருத்துவமனையில் ஏவல் வேலை. பகலிலே ஹார்வர்டில் ஆராய்ச்சி. ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடல் நீர்களிலே பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைக் கண்டவர்களுள்ளும் அவர் ஒருவர். ஆயினும் ஹார்வர்டிலே அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களிலே தரப்படும் டைஎதில்கார்பமாசின் அவர் குழு தந்த கொடை. 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அதுவே ஸ்புரூ நோய்க்கும் மருந்தாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்க அது காலத்தால் பிந்திவிட்டது.

இங்கேதான் என் அக்காவின் அச்சத்துக்கு விடை தொடங்குகிறது. பாஸ்டனிலே சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைவதாகவே அவருக்குத் தோன்றியது. அப்படியானால் அந்த அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்குமன்றோ? சுப்பாராவ் குழு அத்தகைய பொருள்களை ஆக்கித் தந்தது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அந்தத் தணிவு தற்காலிகமானதே என்று 1948-இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பே ஒளிக்காமல் கூறியது. அமினோப்டெரினின் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்ஸேட்.

அதே 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், தம் 53-ஆம் வயதிலே சுப்பாராவ் மறைந்தார். கடல் கடந்து போனவர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. மெத்தோட்ரெக்ஸேட் ஒருவகைப் புற்றை அறவே போக்கியதை 1956-இல் உலகம் கண்டது. அதைக் காண அவர் இல்லை.

நல்ல எண்ணம் மட்டும் போதாது. நன்மை தரும் என்று நம்பிக் கொடுத்ததே தீமை தரக்கூடும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். ஆகையால்தான் இன்று காவல்கள் பல உள்ளன. 2009 முதல் நம் நாட்டிலே ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஏழு பேருக்குக் குறையாத நெறிக்குழு அதை முன்கூட்டியே ஆராய வேண்டும். அக்குழுவிலே மருத்துவர் மட்டுமல்லர். சட்டம் அறிந்தவரும், ஒரு பெண்ணும், பொதுமக்களுள் ஒருவரும் இருந்தாக வேண்டும். சேர்பவருக்குப் புரியும் மொழியிலே விளக்கம் தர வேண்டும். எந்த நாளிலும் அவர் விலகலாம்.

இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்டோம். சில நாட்களில் வந்தது. அக்கா தாமே இருமுறை படித்து, ஐந்து கேள்விகள் கேட்டு, அதன்பின் கையெழுத்திட்டார். பிள்ளை இன்னும் சிகிச்சையில் இருக்கிறான். முடிவு என்னவாகும் என்று யார் அறிவார்?

தோழர்களே! சுப்பாராவ் ஆக நம் எல்லோராலும் இயலாது. ஆனால், மைசூர் மருத்துவமனைகளிலே படிவத்தைக் கையில் ஏந்தித் திகைத்து நிற்கும் தமிழ்த் தாய் ஒருத்திக்கு அதைப் படித்துச் சொல்ல நம்மால் இயலும். அதற்காகவேனும் கற்போம்!