சார்லஸ் யெல்வர்டன் ஓகானர்

மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி என்னும் பொன்வயல் நகர் உளது. அவ்வூருக்கு இருப்புப்பாதையும் குடிநீரும் வந்தது ஓகானர் என்னும் ஒரே எஞ்சினீயரின் முயற்சியாலாகும்.

இவர் 1843-ம் வருஷம் அயர்லாந்திலுள்ள மீத் கோட்டத்திற் பிறந்தார். அங்கேயே தொழில் பயின்று, 1865-ல் நியூஸிலாந்து சென்று, சாலைகளும் துறைமுகங்களும் அமைப்பதில் இருபத்தைந்து ஆண்டு உழைத்தார். தமக்கு உரியதென்று கருதியிருந்த தலைமைப் பதவி பிறருக்குப் போயிற்று. அவ்வேளையில், 1891-ல், மேற்கு ஆஸ்திரேலியாவின் முதற் பிரதமராகிய ஜான் பாரஸ்ட் அவரைத் தலைமை எஞ்சினீயராக அழைத்தார். தம் வேலை துறைமுகமோ இருப்புப்பாதையோ என்று ஓகானர் தந்தியில் வினவ, யாவும் அவர் பொறுப்பே என விடை வந்ததாகச் சொல்லுவர்.

அவ்வாறே ஆயிற்று. ஸ்வான் நதியின் முகத்துவாரத்திற் கிடந்த பாறையை வெடிவைத்துத் தகர்த்து, 1897-ல் பிரிமாண்டில் துறைமுகத்தைத் திறந்தார். கூல்கார்டியில் 1892-லும், கல்கூர்லியில் 1893-லும் பொன் அகப்பட்டது. ஜனங்கள் வெள்ளமெனத் திரண்டனர். அவர்கள் பின்னே 3 அடி 6 அங்குல அகலமுள்ள தண்டவாளமும் சென்றது. 1894-ல் ஸதர்ன் கிராஸ் வரையும், 1896-ல் கல்கூர்லி வரையும் புகைவண்டி ஓடிற்று. மலைப்பகுதியில் ஏற்றத்தைக் குறைத்துப் புதுப்பாதையும் சுரங்கமும் அமைத்தார். குறுகிய அச்சுரங்கத்துள் புகை தங்கி வண்டியோட்டிகளை நெடுங்காலம் வருத்தியதையும் மறைப்பது முறையன்று.

பாதை வந்தது, தண்ணீரோ இல்லை. அப்பிரதேசத்தில் மழை அரிது, ஆறில்லை. கிணற்று நீர் உப்பாதலின், அதனைக் காய்ச்சி வடித்து விலைக்கு விற்றனர். விஷஜுரம் பலரைக் கொண்டுபோயிற்று. நீராவி யந்திரமும் நீரின்றி ஓடாது. உப்பு நீரோ கொதிகலத்தை அரித்துப் பாழாக்கும். ஆகவே, பொன்னை ஏற்றி வரச் சென்ற வண்டி தன் தாகத்துக்கும் நீரைச் சுமந்து செல்ல நேர்ந்தது.

இருப்புப்பாதை நிருவாகமும் தம் கையில் இருந்தமையால் ஓகானர் இக்கஷ்டத்தை நேரிற் கண்டவர். 1896-ல் அவர் கூறிய திட்டம் கேட்டோரைத் திகைக்கச் செய்தது. பெர்த் நகரருகே முண்டாரிங்கில் ஹெலினா ஆற்றை அணையிட்டுத் தேக்கி, எட்டு நீராவிப் பம்பு நிலையங்களால், நாளொன்றுக்கு 50 லக்ஷம் காலன் நீரை 300 மைலுக்கு மேல் குழாய் வழியே அனுப்புவது அது. ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்துக்கு நீர் ஏற வேண்டும். செலவு 25 லக்ஷம் பவுன். 30 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய்கள் அறுபதினாயிரத்துக்கு மேல் வேண்டியிருந்தன. அவற்றைச் சுமந்து சென்றதும் அவரிட்ட பாதையிலோடிய புகைவண்டிகளே.

நீர் மேல்நோக்கி ஓடுமோ என்று நகைத்தோர் பலர். 1901-ல் பாரஸ்ட் ஆஸ்திரேலியப் பொது அரசாங்கத்தில் மந்திரியாகிச் சென்றபின், ஓகானருக்கு அரணாக நின்றவர் இல்லாமற்போயினர். ஞாயிறுதோறும் வெளிவந்த பத்திரிகையொன்று அவரை ஊழல் செய்தவரென்றே தூற்றிற்று. 1902 பிப்ரவரியில் விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது. ஓயாத உழைப்பாலும் இப்பழியாலும் மனமுடைந்த அவர், 1902 மார்ச் 10-ந் தேதி காலையில், பிரிமாண்டிலுக்குத் தெற்கேயுள்ள கடற்கரையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இறக்குமுன் எழுதிவைத்த கடிதத்திலும் திட்டம் பிழையற்றதென்றே குறித்து, எஞ்சிய வேலைக்கு வேண்டியதைச் சொல்லியிருந்தார். அவர்மீது சுமத்திய குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை.

வேலை நிற்கவில்லை; குழாயில் நீரும் ஏறிற்று. 1903 ஜனவரி 24-ந் தேதி, கடும் வெயிலில், கூல்கார்டியிலும் கல்கூர்லியிலும் பாரஸ்ட் நீரைத் திறந்துவிட்டார். ஓகானர் மறைந்து அப்போது பத்துத் திங்கள் கடந்திருந்தன.