மருந்து தேடிய சுப்பாராவ்

மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவர் முதலில் உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் கற்கிறார். அடுத்து மருந்தியல் என்னும் பாடம் அவர் கைக்கு வருகிறது. ஒரு மருந்து உடலை என்ன செய்கிறது, உடல் அம்மருந்தை என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் நோய் தீரும், எவ்வளவு கொடுத்தால் அதுவே நஞ்சாகும் என்பவற்றை அப்பாடம் கற்பிக்கிறது. தடித்த அந்நூலில் இரத்தசோகைக்கான மருந்துகள் ஓர் இயலில் வரும். புற்றுநோய்க்கான மருந்துகள் மற்றோர் இயலில் வரும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களுக்கான மருந்தும், நுண்ணுயிரிகளை அடக்கும் மருந்துகளும் வேறு இயல்களில் வரும். இந்த நான்கு இடங்களிலும் ஒரே இந்தியரின் உழைப்பு அடங்கியுள்ளது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். வியப்பு என்னவென்றால், மருத்துவ மாணவர் அனைவரும் பெற விரும்பும் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இளமை

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவருள் இவர் நான்காமவர். வீட்டில் வறுமை இருந்தது. படிப்பிலும் அவருக்கு மனம் பதியவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டைவிட்டு ஓடினார். தாய் அவரைப் பிடித்து மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

பள்ளி இறுதித் தேர்வு அவருக்கு எளிதாக அமையவில்லை. இருமுறை தோற்றார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறையில் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் படித்தார். அப்போது இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈடுபாடு கொண்டு துறவு பூண விரும்பினார். தாயின் இசைவின்றித் துறவியாதல் கூடாது என்று மடத்தினர் கூறிவிட்டனர், தாயோ இசையவில்லை. நோயுற்றோர்க்குத் தொண்டு செய்வதும் துறவுக்கு ஒப்பானதே என்று பெரியோர் எடுத்துரைக்க, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919ஆம் ஆண்டு சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். மாமனார் அவருடைய படிப்புச் செலவுக்கு உதவினார்.

பெயர் உண்டு, மருந்து இல்லை

அக்காலத்து மருத்துவப் படிப்பை இன்றைய படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மலேரியாவுக்குக் கொயினா இருந்தது. இதய நோய்க்கு டிஜிட்டாலிஸ் இருந்தது. வலியைத் தணிக்க அபினி இருந்தது. சீதபேதிக்கு எமெட்டின் என்னும் மருந்து ஊசி வழியே செலுத்தப்பட்டது. இப்படி விரல்விட்டு எண்ணத்தக்க மருந்துகளே உறுதியாகப் பயன் தந்தன. பெனிசிலின் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளியின் நாடியையும் நாவையும் பார்த்து நோயின் பெயரைப் பிழையின்றிக் கூறிவிடும் மருத்துவர்கள் பலர் இருந்தனர். பெயர் கூறியபின் கொடுப்பதற்குத்தான் அவர்களிடம் ஒன்றும் இருப்பதில்லை.

இக்குறை சுப்பாராவின் வீட்டிற்குள்ளேயே நுழைந்தது. ஸ்புரு என்பது வெப்ப நாடுகளில் வரும் ஒரு குடல் நோய். உண்ட உணவின் சத்து உடலில் சேராது. நீங்காத பேதியும் இரத்தசோகையும் உண்டாகும். உடல் நாளுக்கு நாள் மெலியும். இந்நோயால் சுப்பாராவின் சகோதரர் இருவர் மிகக் குறுகிய இடைவெளியில் இறந்தனர். சுப்பாராவும் அந்நோய்க்கு ஆளானார். ஆயுர்வேத மருத்துவரான டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த மருந்தால் அவர் பிழைத்தார். தம் சகோதரர்களின் நோய்க்கு ஏன் மருந்தில்லை என்னும் வினாவை அதன்பின் அவர் விட்டாரில்லை.

இதற்கிடையே மற்றொரு தடையும் வந்தது. அந்நியத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, சுப்பாராவ் அறுவை அறையிலும் கதராடை அணிந்து நின்றார். அறுவை மருத்துவப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் அளிக்கப்படவில்லை. அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார், அதுவும் கைகூடவில்லை. சென்னையில் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். மூலிகை மருந்துகள் நோயைத் தீர்ப்பதை அங்கே நேரில் கண்டார். அவற்றுள் எப்பொருள் நோயைத் தீர்க்கிறது, உடலில் அது எவ்வாறு செயற்படுகிறது என்பதைப் பிரித்தறிய விரும்பினார். அதற்கு வேண்டிய ஆய்வுக்கூடம் அங்கே இல்லை.

கடல் கடந்து

மாமனாரும் காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் பொருளுதவி செய்ய, 1922ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றே மனைவியை விட்டுச் சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது; உதவித்தொகை கிடைக்கவில்லை. பகலில் படித்தார். இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் பணியைச் செய்தார். சென்னையில் மருத்துவராகத் தேறியவர் அங்கே இப்பணியைச் செய்ததை அவர் இழிவாகக் கருதவில்லை.

பின்னர் அவர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து உழைத்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்பதைக் கணக்கிட இருவரும் 1925இல் ஒரு முறையை வெளியிட்டனர். சில வேதிப்பொருள்களைச் சேர்த்தவுடன் கரைசல் நீல நிறம் பெறும். பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் நீலம் அடர்ந்திருக்கும், குறைந்திருந்தால் வெளிறியிருக்கும். எளிய அம்முறை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உலகெங்கும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அதனைக் கொண்டே தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை அவ்விருவரும் கண்டறிந்தனர். உடலின் ஆற்றல் நாணயம் என்று இன்று உயிரியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் அதனைத் தனியே கண்டறிந்திருந்தார்.

1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. தம் பங்கை எடுத்துரைத்துப் புகழ் தேடும் இயல்பும் அவரிடம் இல்லை. 1940இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். வேதியியலார், மருந்தியலார், நுண்ணுயிரியலார் எனப் பலர் அவர்கீழ் ஒருங்கே உழைத்தனர். எட்டு ஆண்டுகளே அவருக்கு எஞ்சியிருந்தன.

ஈரலும் கீரையும்

ஈரலை உண்டால் ஒருவகைக் கடும் இரத்தசோகை நீங்குவதைப் பாஸ்டன் மருத்துவர்கள் 1926இல் காட்டியிருந்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், பம்பாயில் ஆலைத் தொழில் செய்த கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈஸ்ட் சாறு கொடுத்து அவர்களைத் தேற்றினார். ஈஸ்டிலும் ஈரலிலும் மறைந்திருந்த பொருள் எது என்பது மட்டும் விளங்கவில்லை. 1941இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் கீரையைப் பிழிந்து அத்தகைய ஒரு பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்து, அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. டன் கணக்கில் கீரையைப் பிழிந்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க இயலுமா? சுப்பாராவின் குழுவினர் அதன் அமைப்பை ஆராய்ந்து, 1945இல் ஆய்வுக்கூடத்திலேயே அதனை உருவாக்கிக் காட்டினர். அதன்பின்னரே வேண்டிய அளவு ஃபோலிக் அமிலம் மருத்துவர் கைக்கு வந்தது.

அம்மருந்தைக் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்புரு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தசோகை நீங்கியது; அவர்கள் தேறினர். சுப்பாராவின் சகோதரர்களைக் கொண்டுபோன நோய் அதுவே.

ஃபோலிக் அமிலம் இல்லையேல் உடலின் அணுக்கள் பெருக மாட்டா. அப்படியாயின், கட்டுக்கடங்காது பெருகும் புற்றணுக்களுக்கு அதனை மறுத்தால் என்ன? பாஸ்டன் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர் இவ்வழியில் எண்ணினார். சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோன்றும், ஆனால் அதன் வேலையைச் செய்யாத பொருள்களை ஆக்கி அவருக்கு அனுப்பினர். பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத போலிச் சாவி உள்ளேயே சிக்கிக்கொண்டால், உண்மையான சாவிக்கு இடமிராது. அமினோப்டெரின் என்னும் மருந்து அத்தகையது. இரத்தப் புற்றுநோயால் சாவை எதிர்நோக்கியிருந்த குழந்தைகள் பதினாறு பேருக்கு ஃபார்பர் அதனைக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்தது. அத்தணிவு நீடிக்கவில்லை, நோய் மீண்டும் வந்தது. ஆயினும் அந்நோய் மருந்துக்குப் பணியும் என்பது முதன்முதலில் தெரிந்தது. அமினோப்டெரினின் நச்சுத்தன்மை மிகுதி. அதனினும் பாதுகாப்பான மெத்தோட்ரெக்சேட்டும் அதே ஆய்வுக்கூடத்தில் உருவானது. இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் இன்றும் மருத்துவர்கள் அதனை எழுதிக் கொடுக்கின்றனர்.

யானைக்காலும் பொன் மருந்தும்

கொசு கடிப்பதால் உடலில் புகும் நூல்போன்ற புழுக்கள் யானைக்கால் நோயை உண்டாக்குகின்றன. அவற்றின் இளம்புழுக்கள் பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தத்தில் உலவும். ஆதலால் இந்நோய்க்கான இரத்தச் சோதனையை இரவில் செய்வர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்க வீரர்களையும் இந்நோய் தாக்கியது. சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில், இதையொத்த புழுக்கள் தொற்றிய பருத்தி எலிகளுக்குப் பல வேதிப்பொருள்களைக் கொடுத்துச் சோதித்தனர். டைஎத்தில்கார்பமசின் என்னும் பொருள் இளம்புழுக்களை அழித்தது. 1947இல் ஹெட்ரசான் என்னும் பெயரால் அது வெளிவந்தது. வீங்கிய காலை அம்மருந்து பழைய நிலைக்குக் கொணராது. நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கும். உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களில் வாழும் மாணவர்கள், சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் வந்து யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுப்பதைப் பார்த்திருக்கலாம். டி.இ.சி. என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் மாத்திரை இம்மருந்தே.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று, எழுபது வயதைக் கடந்திருந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கருக்கும் இவ்வாய்வுக்கூடத்தில் இடம் இருந்தது. ஊர் ஊராக வந்த மண் மாதிரிகளை அவர் சோதித்தார். மிசௌரி மாநிலத்து வயல் மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிரியைக் கண்டார். அதிலிருந்து கிடைத்த மருந்து, பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஆரியோமைசின் எனப்பட்டது, 1948இல் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் மருந்துக் குடும்பத்தில் மூத்தது இதுவே. ஸ்புரு நோயாளிக்கு ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளினையும் சில மாதங்கள் கொடுக்கவேண்டும் என்று இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

திரும்பாத பயணம்

சுப்பாராவ் தாயகம் திரும்பவே இல்லை. அவர் சென்றபின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான்; தந்தை அவன் முகத்தைப் பார்த்ததில்லை. சேஷகிரி கணவரின் வருகையை எதிர்நோக்கியே ஆண்டுகளைக் கழித்தார். உலகுக்கு மருந்தளித்தவர் என்று சுப்பாராவைப் போற்றும்போது இதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆய்வுப் பணி ஒன்று முடியுமுன் மற்றொன்று வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. 1946இல் சட்டம் மாறி இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற வழி பிறந்தும் அவர் அதனைப் பெறவில்லை. இந்தியராகவே இருந்தார்.

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 53. ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. பின்னர் 1953இல் அறிவியலார் ஒரு பூஞ்சையினத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரைச் சூட்டினர். அவருடைய நூற்றாண்டான 1995இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.