விளக்கைப் பார்த்துக் கணக்கை மறந்துவிட்டோம்

யாழ்ப்பாணத்தில் அம்மா படித்த பாடப்புத்தகத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல், விளக்கேந்திய சீமாட்டி. லண்டனில் நான் தாதி வேலைக்குச் சேர்ந்த அன்றும் அம்மா அந்தப் பெயரைத்தான் சொன்னா. 16 வருசம் வார்ட்டில் நின்ற பிறகு எனக்கு விளக்கைவிட அவர் எழுதி வைத்த கணக்கில்தான் மரியாதை.

1820இல் இத்தாலியில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். தாதி வேலைக்குப் போக வீட்டில் கடும் எதிர்ப்பு. (எங்கட ஆட்களிடமும் அந்த எண்ணம் இருந்தது, வெளிநாட்டுச் சம்பளம் தெரியும்வரை.) 1854 நவம்பரில், கிரிமியப் போர் நேரம், 38 பெண்களோடு இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குப் போனார். டாக்டர்மாருக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. அவர்கள் கேட்காமல் ஒரு நோயாளியையும் தொடக்கூடாது என்று தன் பெண்களுக்குக் கட்டளை போட்டார். சில நாளில் காயக்காரர் வந்து குவிய, டாக்டர்மாரே கூப்பிட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் இல்லாத கதை இனித்தான். அவர் வந்த பிறகும் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாவு கூடிக்கொண்டே போனது. 1855 பெப்ரவரியில் 100 நோயாளருக்குச் சுமார் 42 பேர். பெரும்பாலும் காயத்தால் அல்ல. வயிற்றோட்டம், கொலரா, டைபஸ். கட்டடத்துக்குக் கீழே கழிவு அடைத்துக் கிடந்தது. எவ்வளவு அன்பாகப் பார்த்தாலும் அதைத் தாதி தனியாக மாற்ற ஏலாது. மார்ச்சில் சதர்லண்ட் என்ற மருத்துவரும் ரோலின்சன் என்ற பொறியியலாளரும் இருந்த சுகாதாரக் குழு வந்து கழிவு வாய்க்காலைத் துப்புரவாக்கியது, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சீராக்கியது. ஜூனில் சாவு 100க்குச் சுமார் 2.

இங்கிலாந்தே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் திரும்பி வந்து, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபாரின் உதவியோடு படையின் சாவுகளை மாதம் மாதமாக எண்ணினார். தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களை வட்டப் படத்தில் நீல நிறத்தில் காட்டினார். மற்ற நிறங்களை நீலம் விழுங்கிவிடும்.

1859இல் தாதிமை பற்றி எழுதிய சின்னப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க, நீ இல்லாத நேரத்தில் நோயாளிக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. இப்ப நாங்கள் ஹாண்ட்ஓவர் என்று சொல்வது அதைத்தான். ஒருநாள் களைப்பில் ஒரு முதியவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பிள்ளை, அவர் கையில் இருந்த சிவப்புப் பட்டியைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு மருந்தை நிறுத்தினா. வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை. டாக்டரிடம் கேட்கப் பயப்பட்டிருந்தால்?

1860இல் செயின்ட் தோமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேலின் நிதியில் தாதியர் பள்ளி தொடங்கியது. அதை நடத்தியவர் சாரா வார்ட்ரோப்பர். நோயாளியாகிவிட்ட நைட்டிங்கேல், பல வருசம் அறைக்குள் இருந்தபடி கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1868இல் அங்கே பயின்ற லூசி ஆஸ்பர்ன், ஐந்து தாதியரோடு சிட்னிக்குப் போய் இறங்கினார்.