பந்தில் ஆரம்பித்துப் புள்ளிக்கு வந்தவர்



எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்கிறோமே, அதில் வரும் கே.ஜி. எதைக் குறிக்கிறது தெரியுமா? கிண்டர்கார்டன். ஜெர்மன் மொழியில் ‘குழந்தைகள் தோட்டம்’ என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவர் பிரெடெரிக் ஃபிரோபெல். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் வடிவியல் வரும் என்று காட்டியவர் இவர். வடிவியல் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்குது இல்லையா? அதனால்தான் இந்த இதழுக்கு இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஃபிரோபெல் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி ஜெர்மனியில் ஓபர்வைஸ்பாக் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. பிறகு வந்த சித்தி அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை. அப்பாவும் இவனுக்குப் படிப்பு ஏறாது என்று நினைத்து, ஊரில் இருந்த பெண் பிள்ளைகள் பள்ளியில் சேர்த்துவிட்டார். பத்து வயதுக்கு மேல் தாய்மாமன் வீட்டுக்குப் போன பிறகுதான் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தார்.

பதினைந்து வயதில் ஒரு வன அதிகாரியிடம் வேலை பழகப் போனார். காடும் மரமும் நில அளவையும் அங்கே பழக்கமாயின. பிறகு யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் பல்கலைக்கழகச் சிறையிலேயே 9 வாரம் இருந்தார், பாவம்! கட்டடக் கலை படிக்கலாம் என்று 1805-இல் பிராங்பர்ட் நகருக்குப் போனவர், அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியர் ஆகிவிட்டார். குழந்தைகள் பார்த்தும் தொட்டும் படிக்க வேண்டும் என்று சொன்ன பெஸ்டலாசியிடம், சுவிட்சர்லாந்து போய்க் கற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெர்லினில் கனிமங்கள் இருக்கும் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். அங்கே தினமும் படிகங்களைப் பார்த்துப் பார்த்து அடுக்குவார். உப்புக்கல்லை உற்றுப் பாருங்க, குட்டிக் கனசதுரம் மாதிரி இருக்கும். யாரும் செதுக்காமலே இயற்கை இப்படி வடிவம் செய்கிறதே என்று அவர் மனதில் பதிந்துவிட்டது.

போரின்போது வந்த காய்ச்சலில் அவருடைய அண்ணன் இறந்துபோனார். அண்ணன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேலையை விட்டுவிட்டு வந்தார். 1816-இல் அண்ணன் தம்பி பிள்ளைகள் ஐந்தே பேரோடு ஆரம்பித்தது அவரோட பள்ளி. 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னக் குழந்தைகளுக்காகவே ஓர் இடம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார்.

இனிதான் முக்கியமான விஷயம். குழந்தைகளுக்காக அவர் விளையாட்டுச் சாமான்கள் செய்தார். அவற்றுக்குப் ‘பரிசுகள்’ என்று பெயர். முதல் பரிசு கம்பளி நூலில் பின்னிய ஆறு நிறப் பந்துகள். இரண்டாவது பரிசில் மரத்தில் செய்த கோளம், உருளை, கனசதுரம். கோளம் உருளும், கனசதுரம் நிற்கும், உருளை இரண்டும் செய்யும். கனசதுரத்தை நூலில் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் உருளை மாதிரி தெரியும்! நம்ம சாக்பீஸ் பெட்டியை நூலில் கட்டி முறுக்கிவிட்டுப் பாருங்க. மூன்றாவது பரிசு எட்டுத் துண்டாக வெட்டிய கனசதுரம். பாதி, கால், அரைக்கால் எல்லாம் கையாலேயே புரியும்.

அப்புறம் சதுர, முக்கோணப் பலகைகள். அது தளம். அடுத்து குச்சிகள். அது கோடு. கடைசியில் விதைகள், கூழாங்கற்கள். அதுதான் புள்ளி!

நாம எப்படிப் படிச்சோம்? முதலில் புள்ளி, பிறகு கோடு, பிறகு தளம், கடைசியில்தான் கன உருவம். நீளம் அகலம் இல்லாத புள்ளியை யார் பார்த்தார்கள்? பந்தை எல்லாரும் பார்த்திருக்கோம். அவர் தெரிந்ததில் ஆரம்பித்துத் தெரியாததுக்குப் போனார்.

ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி உருவம் செய்வதும் அவர் சொல்லித்தந்த விளையாட்டுதான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியோடு நானும் விளக்கமாற்று ஈர்க்குச்சியை ஒடித்து வைத்துச் செய்தேன். கனசதுரத்துக்கு 8 பட்டாணி, 12 குச்சி. முனை 8, விளிம்பு 12 என்று அவனே எண்ணிச் சொன்னான். சதுரம் தொட்டால் சாயுது, முக்கோணம் மட்டும் அசையலை, ஏன்க்கா என்று கேட்டான். கூரை போடும்போது குறுக்குக் கட்டை எதுக்கு வைக்கிறாங்கன்னு எனக்கும் அப்போதான் புரிந்தது.

ஃபிரோபெல் இளம்பெண்களையே நிறைய ஆசிரியைகளாகப் பழக்கினார். ஆனால் 1851-இல் பிரஷ்யா அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. பெண்களின் உயர்கல்வி பற்றி எழுதிய அண்ணன் மகன் கார்லையும் இவரையும் அரசு குழப்பிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இவர் எவ்வளவோ முயன்றும் தடை நீங்கவில்லை. 1852 ஜூன் 21 அன்று, தன் 70-வது வயதில் அந்தக் கவலையோடே காலமானார். தடை நீங்கியது 1860-இல்தான்.

ஆனாலும் அவர் மாணவிகள் விடவில்லை. வேறு நாடுகளிலும் பள்ளிகள் நடத்தினார்கள். 1876-இல் அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் இந்தப் பரிசுகளைப் பார்த்த ஓர் அம்மா, தன் மகனுக்கு வாங்கித் தந்தார். அந்தப் பையன்தான் நியூயார்க்கில் சுருள் வடிவக் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை வடிவமைத்த பிராங்க் லாயிட் ரைட்.

ஃபிரோபெல் கல்லறையில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கீழே கனசதுரம், நடுவில் உருளை, மேலே கோளம். கல்லில் செய்த அவரோட இரண்டாவது பரிசு!

படிப்பு ஏறாது என்று சொல்லப்பட்ட பையன்தான் உலகத்துக்கே பாடம் சொன்னார். அதனால் கணக்கு வராது என்று யாரையும் சொல்லாதீங்க, உங்களையும் சொல்லிக்காதீங்க.

ஒரு வேண்டுகோள். நம்ம ஒன்றாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு ஒரு பெட்டி சேர்க்கலாமா? பழைய பந்து, காலி டப்பா, தச்சுப் பட்டறையில் மிஞ்சிய மரத்துண்டு, ஈர்க்குச்சி, புளியங்கொட்டை எது இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவாங்க. மரத்துண்டைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை என்னுடையது.



— 9-ஆம் வகுப்பு மாணவி